இடிப்பதற்கென்று வாங்கிய வீடு

வீடு கட்டத் தொடங்குகிறவன் செய்யவேண்டிய சடங்குகளுக்கு நம்மிடையே குறைவில்லை. மண்ணைத் தோண்டுமுன் பூமி பூஜை, வாசக்கால் நிறுத்தும் நாளில் அதன் அடியில் நவதானியமும் நாணயமும் ஒரு பொட்டுத் தங்கமும், கட்டி முடித்தபின் வாஸ்து சாந்தி, பசுவும் கன்றும் முன்செல்லப் பால் பொங்கும் கிருகப்பிரவேசம் என்று நாளும் நட்சத்திரமும் திசையும் குறித்துச் சாஸ்திரங்கள் விரிவாகவே பேசுகின்றன. மனையடி சாஸ்திரமோ அறையின் நீள அகலங்களுக்குக்கூட அடிக்கணக்கில் பலாபலன் சொல்லுகிறது. ஆனால் கட்டிய வீட்டை இடிக்கிறவன் செய்யவேண்டியது யாது, அவன் யாருக்கேனும் கடன்பட்டிருக்கிறானா என்று கேட்டால், இத்தனை பேச்சும் சட்டென்று ஓய்ந்துபோகிறது. பழைய வீட்டோடு கூடிய மனையை, வீட்டுக்காக அன்றி மண்ணுக்காகவே விலை பேசி வாங்கி, பத்திரம் பதிந்த மறுவாரமே கடப்பாரைக்கு ஆள் சொல்லுகிற வழக்கம் பெருகிவிட்ட இந்நாளில், அந்த மௌனத்தின் பொருளைச் சற்று நின்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்து காலூன்றியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவடைத்தது வரை, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெளியே அனுப்பிவிட்டு, சயனைட் கலந்த மண்மேடுகளை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்ட ஊர் அது. சுரங்கம் மூடியபின் ஊரே காலியாகிவிடும் என்று பலர் நினைத்தார்கள், அப்படி ஆகவில்லை. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலைபார்த்து இரவு வீடு திரும்புகிறவர்களின் உழைப்பினால் ஊர் நிற்கிறது. அவர்களுள் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் மாடிவீடு கட்ட ஆசைப்படுகிறார்கள். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சன் பெயரைத் தாங்கிய ராபர்ட்சன்பேட்டையிலும், அதை அடுத்த ஆண்டர்சன்பேட்டையிலும், செம்மண் சாந்தில் எழுப்பிய கனத்த சுவரும் மங்களூர் ஓடும் தெருவைப் பார்த்த திண்ணையுமாக, இடையிடையே கோலார்ச் சீமைக்கே உரிய சப்படிக்கல் கூரையுமாக நிற்கிற பழைய வீடுகள் விலைக்கு வரும்போது, புரோக்கர் சொல்லுகிற முதல் வாசகம் பெரும்பாலும் ஒன்றே: “சைட்டுக்குத்தான் ரேட்டு, வீடு கணக்குலயே இல்ல.”

வியப்பு என்னவென்றால், சாஸ்திரமும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. மத்ஸ்ய புராணக் கதையில், அந்தகாசுரனோடு போர்புரிந்த சிவபெருமானின் வியர்வையிலிருந்து தோன்றி, பசி தாளாமல் உலகையே விழுங்கப் புறப்பட்ட பூதத்தைத் தேவர்கள் குப்புறத் தள்ளி, அதன் அங்கங்களின்மேல் அவரவர் இடம் பிடித்து அமர்ந்து அழுத்திக்கொண்டார்கள். அழுத்தப்பட்ட அப்பூதமே வாஸ்து புருஷன். வீடு கட்டுகிறவர்கள் இடும் பலியே அவனுக்கு உணவு. அவன் கிடப்பது மண்ணில். சுவரில் அன்று, கூரையிலும் அன்று. மேலே ஓட்டுவீடு நின்றால் என்ன, மூன்றடுக்கு மாளிகை நின்றால் என்ன, இரண்டுக்கும் நடுவே வெறுந்தரையாகக் கிடந்தால்தான் என்ன, அவன் கிடையில் மாற்றமில்லை. ஆகவே இடிப்பதற்குச் சாந்தி தேவைப்படவில்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தமது பிருஹத் சம்ஹிதையில், மரம் வெட்டப் போகிறவன் முந்தின இரவே அம்மரத்தைப் பூஜித்து, அதில் வாசம்செய்யும் பூதங்களை வேறிடம் பெயர்ந்து போகுமாறு வேண்டிக்கொள்ளவேண்டும் என்று விதிக்கிறார். மரம் காட்டில் நின்றபோது அதில் குடியிருந்தவர்களுக்கு ஓர் இரவு அவகாசம் தந்த தர்மம், அதே மரம் அறுபட்டு உத்திரமாகி மூன்று தலைமுறை மனிதர்களைத் தன் கீழே வாழவைத்த பின்னர் ஒரு நாழிகை அவகாசமும் தரவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதன் கருத்து எங்கே இருந்தது என்பதையே சொல்லுகிறேன். பெயர்ந்து போகுமாறு வேண்டியதும் வெட்டுகிறவனுக்குத் தீங்கு நேராமல் இருக்கவே. நம் கிருகச் சடங்குகளில் பெரும்பாலானவை, புதிதாக வருகிறவனின் அச்சத்தைத் தீர்ப்பதற்கு ஏற்பட்டவை. போனவர்களுக்கு அவன் பட்ட கடனைத் தீர்க்க ஏற்பட்டவை அல்ல.

கோயில் விஷயம் வேறு. ஜீரணமாகிவிட்ட கருவறையைப் பிரித்துக் கட்டவேண்டுமானால், ஆகமங்கள் முதலில் பாலாலயம் அமைக்கச் சொல்லுகின்றன. மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றி, அங்கே நித்திய பூஜை தடைப்படாமல் நடக்க, இங்கே கல்லைக் கழற்றுகிறார்கள். உள்ளே ஒருவர் வாசம்செய்கிறார் என்ற நம்பிக்கை அங்கே திடமாக இருக்கிறது. ஆகவே அவருக்கு மாற்றிடம் கொடாமல் சம்மட்டி விழக்கூடாது என்ற நாணயமும் இருக்கிறது. வீட்டுக்கு அந்த மரியாதை ஏன் இல்லை? வீட்டிலும் தெய்வம் உண்டே என்று கேட்கலாம். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்த குடும்பங்களில், சுமங்கலியாய் மறைந்த முன்னோள் ஒருத்தியைப் பூவாடைக்காரி என்று கொண்டாடி, கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் படையலிடுவது வழக்கம். ஆனால் அவளை எங்கிருந்து அழைக்கிறார்கள்? கிணற்றங்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போய், நீரிலிருந்து கலசத்தில் எழுந்தருளச் செய்து வீட்டுக்கு அழைத்துவருகிறார்கள். அவள் சுவரைச் சேர்ந்தவள் அல்லள், வம்சத்தைச் சேர்ந்தவள். பிழைப்புக்காக ஊரைவிட்டு ஊர் பெயர்ந்த ஜனங்கள், தம்மோடு பெயரக்கூடிய தெய்வத்தையே வைத்துக்கொண்டார்கள் என்பதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது! வீட்டை விற்றுப் போகிற குடும்பம் எந்த ஊரில் எந்த நீர்க்கரையில் நின்று கூப்பிட்டாலும் அவள் வருவாள். வெறும் சுவர்கள் மட்டுமே பின்னால் நிற்கும்.

சுவர்கள் வெறும் சுவர்கள்தாம் என்பதை யாவரினும் தீர்மானமாகச் சொன்ன தரிசனம் ஒன்று, தற்செயலாகவோ என்னவோ, தங்கவயலிலேயே ஆழமாக வேர்விட்டிருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் சென்னைக்கு வெளியே பெற்ற கிளைகளுள் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் தலையானவை. சுரங்கத்தில் பகலெல்லாம் பாறை உடைத்த தொழிலாளர்கள், இரவில் விளக்கடியில் கூடித் திரிசரணம் சொல்லி, பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்களின் கருத்துக்களைக் கற்று விவாதித்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன அவருடைய ‘தமிழன்’ இதழ், 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. அவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதருடைய நூல்களை மீண்டும் அச்சேற்றிக் காத்தது. இந்த அறிவு மரபு இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் சிந்தனைச் சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயமே இருந்திராது. ஆயினும் ‘தங்கவயல்’ என்றவுடன் தங்கத்தை மட்டும் நினைக்கிற நம் பழக்கம் மாறவில்லை.

அந்த மரபு வீட்டைப் பற்றி என்ன சொல்லும்? மரமும் கொடியும் புல்லும் மண்ணும் ஓர் ஆகாயத்தைச் சூழ்ந்துகொள்ளும்போது அதற்கு வீடு என்று பெயர் வந்துவிடுகிறது, எலும்பும் நரம்பும் தசையும் தோலும் சூழ்ந்துகொள்ளும்போது உடம்பு என்று பெயர் வருவதும் அவ்வாறே என்பது மஜ்ஜிம நிகாயத்தில் சாரிபுத்தர் செய்யும் உபதேசத்தின் சாரம். ஞானம் பெற்ற கணத்தில் கௌதமர் அடைந்த உவகையைத் தம்மபதம் கூறும் இடத்திலோ, ததாகதர் ஒரு கொத்தனைப் பிடித்துவிட்டவராகவே காட்சி தருகிறார். பிறவிதோறும் தம்மை அடைத்துவைக்கும் வீட்டைக் கட்டித்தந்த அந்தக் கொத்தன் வேட்கை என்பவன். அவனுடைய கட்டடம் இனி எழாதபடி முறிந்துவிட்டது என்பதே அங்கே வெற்றிக் களிப்பு. ஆக, வாஸ்து சாஸ்திரம், ஆகமம், குல வழக்கம், பௌத்தம் ஆகிய நான்கும் வெவ்வேறு வழியே வந்து, பழைய வீட்டின் சுவருக்குள் யாரும் இல்லை என்ற ஓரிடத்தில் கூடுகின்றன. வாங்கினவர் நிம்மதியாகக் கடப்பாரையை எடுக்கலாம் என்று இதற்கு அர்த்தமா?

முதலில், பௌத்தத்தின் சாட்சியத்தை அவர் கடன் வாங்க முடியாது. கூரை முறிந்ததற்காகக் களிக்கிற உரிமை, இனிக் கூரை போடமாட்டேன் என்று துணிந்தவருக்கே உண்டு. ஓட்டுவீட்டை அநித்தியம் என்று சொல்லி இடித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு மாடிக்குக் காங்கிரீட் தூண் எழுப்புகிறவர் அந்தச் சொல்லை வாயில் போட்டுக்கொள்வது, துறவியின் காவியை உடுத்திக் கடன் வசூலிக்கப் போவதை ஒக்கும். அநித்தியம் என்பது பழைய வீட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. புது வீட்டின் பிளானிலும் அது சேர்ந்தே வரையப்பட்டிருக்கிறது.

அடுத்தபடியாக, நாம் கேட்ட கேள்வியிலேயே ஒரு கோணல் இருந்தது. சுவருக்குள் ஏதேனும் சக்தி இருக்கிறதா, அது கோபிக்குமா என்று தேடினோம். சுவரை எழுப்பினவர்களைத் தேடவில்லை. தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கினவர்களில் மிகப் பெரும்பாலோர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த, சொந்த ஊரில் தாம் குடியிருந்த குடிசையின் அடிமண்ணுக்குக்கூட உரிமை பாராட்ட முடியாதிருந்த ஆதி திராவிட ஜனங்கள். இங்கே அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது, லைன் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் ஒரு தட்டிக் குடிசை. அது வேலையோடு ஒட்டிய குடிசை. வேலை போனால் குடிசையும் போயிற்று. அக்குடிசைக்குள் தங்கம் படிந்த ஒரு கல் அகப்பட்டால் அது குற்றம். கைரேகை பதிந்து தங்களைப் பதிவு செய்யும் முறை வந்தபோது, 1930-இல், ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்தில் இறங்காமல் நின்றார்கள். தாம் அடைந்த அவமானத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். இத்தகைய வாழ்வின் நடுவே, பூமிக்குள் பல்லாயிரம் அடி ஆழத்தில், உடம்பை அவிக்கும் உஷ்ணத்தில் சம்பாதித்ததில் மிச்சம்பிடித்து, லைனைவிட்டு வெளியே வந்து, ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒருவர் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றைத் தம் பெயரில் எழுதி வாங்கினார் என்றால், அந்தப் பத்திரம் அவருடைய வம்சத்தில் எழுதப்பட்ட முதற்பத்திரமாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். எல்லாப் பழைய வீடும் அப்படிப்பட்டதல்ல. வியாபாரிகள் வீடு உண்டு, உத்தியோகஸ்தர் வீடு உண்டு. ஆனால் எது எப்படிப்பட்டது என்று விசாரியாமலே ‘கணக்கில் இல்லை’ என்று தள்ளுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

மண்ணுக்குத்தான் விலை என்கிறோமே, அந்த மண்ணாவது முழுதும் நம்முடையதா? நம் நாட்டுப் பழைய சாசனங்களிலிருந்து கிரயப் பத்திரங்கள்வரை, நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் முதலாக எண்ணப்படும் அஷ்டபோகங்களும் வாங்குபவரையே சாரும் என்று எழுதும் மரபு உண்டு. தங்கவயலில் அந்த வாசகம் ஒருநாளும் மெய்யானதில்லை. பூமிக்குள்ளே இருந்த நிதி மைசூர் அரசுக்கு உரியது. அரசு அதைக் கம்பெனிக்குக் குத்தகைவிட்டது. பின்பு 1956-இல் அரசே ஏற்று நடத்தி, 1962-இல் மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்தது. மேலே மனைக்காரர் நான்கெல்லை போட்டு வேலி கட்டிக்கொண்டிருக்க, கீழே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கவழிகள் பாறையைக் குடைந்து ஓடின. ஆழத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் மேலே பரணில் பாத்திரம் குலுங்கும், சுவர் விரிசல் விடும். இன்று பம்புகள் நின்று, அவ்வழிகளில் நீர் நிரம்பிக் கிடக்கிறது. 1965-இல் விஞ்ஞானிகள் அந்த ஆழத்தில் கருவிகளை வைத்து, அண்டவெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் பிறப்பிக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். கிரகத்தையே ஊடுருவிப் போகிற அத்துகள்களுக்கு நம் நான்கெல்லை ஒரு பொருட்டா? நிலம் ஸ்திரம், வீடு அஸ்திரம் என்ற நம்முடைய விலைக்கணக்கு, உலகில் வேறெங்கே நின்றாலும் இந்த ஊரில் நிற்காது. இங்கே மண்ணை நம்பத்தக்கதாக ஆக்கியதே அதன்மேல் வீடு கட்டிக்கொண்டு அஞ்சாமல் வாழ்ந்தவர்களின் துணிவு என்று சொன்னாலும் மிகையாகாது.

கடன் என்று நான் சொல்லுவது இப்போது புலப்படும். அது சுவருக்குப் பட்ட கடன் அன்று, மனிதர்க்குப் பட்டது, ஆகவே மந்திரத்தால் தீராது, நடத்தையால்தான் தீரும். அதன் முதல் தவணை விலை பேசும் இடத்திலேயே வந்துவிடுகிறது. வாங்குகிறவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஓடெல்லாம் சொத்தை, சுவரெல்லாம் ஈரம், இடித்து மண்ணை அள்ளவே தமக்குக் கைக்காசு போகும் என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்; பத்திரம் முடிந்தபின் அதே வீட்டுக்குப் பழைய மரம் எடுக்கிற ஆளை வரவழைத்து, உத்திரம் பர்மா தேக்கு, நிலைக்கதவு முழுமரம், சன்னல் கம்பி வார்ப்பிரும்பு, ஓடு பாதிக்குமேல் பழுதில்லாதது என்று பட்டியல் போட்டு, கழித்ததைப்போல் இரு மடங்கு கறந்துவிடுகிறார். ஒரே வீடு வாங்கும்போது குப்பையாகவும் விற்கும்போது பொருளாகவும் ஆயிற்று. பிறர் பொருளையும் தம் பொருளைப்போலவே பேணுவதே வாணிகத்தின் நடுவுநிலைமை என்று வள்ளுவர் வைத்த இடத்தில் இதை வைத்துப் பார்க்கவேண்டும். விற்கிறவர் பெரும்பாலும் கணவனை இழந்த முதியவளாகவோ, வெளியூரில் வேலையிலிருந்துகொண்டு அவசரத்துக்கு விற்கிற பிள்ளைகளாகவோ இருக்கிறார்கள். மரத்தின் மதிப்பை அவர்கள் அறியாமல் இருக்கலாம்; அறிந்தவர் சொல்லாமல் இருந்தது சட்டப்படி குற்றமில்லை என்பதும் எனக்குத் தெரியும். இடிக்குமுன் ஒரு தேங்காயை உடைத்துக் கற்பூரம் காட்டினால் மனம் சமாதானமாகிவிடும் என்பதும் தெரியும். தேங்காய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேங்காய்க்குப் பின்னே ஒளிந்துகொள்ள வேண்டாம் என்கிறேன்.

வாசக்காலைப் பெயர்க்கும்போது அடியில் அகப்படும் காசும் பொட்டுத் தங்கமும் யாருக்கு என்பது சிறிய கேள்விபோல் தோன்றும். புதையலுக்கென்று 1878-இலிருந்தே சட்டம் உண்டு; ஆனால் அரசாங்கம் இந்தக் குன்றிமணி அளவைத் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. பத்திரத்தின்படி வாங்கினவருக்கே. என்றாலும், அதை வைத்தவர்கள் ஒரு நல்ல நாளில் தம் வம்சம் தழைக்கவேண்டும் என்று வேண்டி வைத்தார்கள். அந்த வேண்டுதல் கிரயத்தில் சேரவில்லை. அந்தக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவதே முறை.

இப்படியெல்லாம் பார்த்தால் யாரும் எதையும் இடிக்க முடியாதே என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். அப்படி ஒன்றும் இல்லை. மழைக்குக் கரையும் மண்சுவரையும் உளுத்த கைமரத்தையும் பக்தியின் பேரால் நிறுத்திவைத்து, அவை ஒருநாள் குழந்தைகள்மேல் சரிவதற்குக் காத்திருப்பது தர்மமாகாது. வீடு மனிதர்க்காக, மனிதர் வீட்டுக்காக அன்று. இடிக்கவேண்டியதை இடிக்கத்தான் வேண்டும். புதிய தலைமுறைக்குக் கழிப்பறையும் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும். சொல்லப்போனால், லைன் குடிசையிலிருந்து ஓட்டுவீட்டுக்குப் போனவர்கள், தம் பேரர்கள் ஓட்டுவீட்டிலேயே நின்றுவிட வேண்டுமென்று விரும்பியிருக்க மாட்டார்கள்.

உண்மையில் சிக்கல் தோன்றுவது, வீடு காலியாக இல்லாதபோதுதான். பின்கட்டில் நெடுங்காலமாக ஒரு குடும்பம் சொற்ப வாடகைக்கு இருக்கும். சுரங்கம் மூடியபின் வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்களாகவும் இருக்கக்கூடும். விற்பவர் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார். புரோக்கர் “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லியிருப்பார். காட்டு மரத்தின் பூதங்களுக்கு ஓர் இரவு அவகாசமும், கருவறை மூர்த்திக்குப் பாலாலயமும் தந்த தேசம், கண்ணால் காணக்கூடிய இந்த வாசிகளுக்கு என்ன தரவேண்டும் என்பதில் தர்ம சாஸ்திரப் புலமை எதுவும் தேவையில்லை. முதல் வேலையாக, புரோக்கரை இடையில் விடாமல் தாமே போய்ப் பேசவேண்டும்; கொடுத்த அட்வான்ஸ் விற்பவரிடம் சிக்கியிருந்தால் அதை மீட்டுத் தரவேண்டும்; வேறு வீடு அகப்படும்வரை, பிள்ளைகள் படிக்கிற வீடாயின் ஆண்டுப் பரீட்சை முடியும்வரை, கடப்பாரை பொறுத்திருக்கவேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறதே என்பார் வாங்கினவர். ஓடத்தான் செய்யும், அதுவும் மனையின் விலையில் ஒரு பகுதி என்று எழுதிக்கொள்ளட்டும். அந்த மாதங்களுக்கு அவர்களிடம் வாடகை வாங்கலாமா, கூடாதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் இரண்டு மனமாகவே இருக்கிறது. வாங்காமல் இருந்தால் தானம் என்ற அகந்தை வரும், வாங்கினால் இடிக்கப்போகும் வீட்டுக்குக் கூலி கேட்டதாக ஆகும். பழைய வாடகையையே வாங்கிக்கொண்டு, மழைக்காலத்தில் ஒழுகுகிற ஓட்டைத் தம் செலவில் மாற்றிக்கொடுப்பது ஒருவேளை இரண்டுக்கும் நடுவான வழியாக இருக்கலாம்.